கேளாமல் நேர்ந்த கோழி

இன்று காலை முட்டை பொரித்தேன். சட்டியில் விழுந்ததும் குசினி முழுக்க மீன் மணம் எழுந்தது. அடுத்த வளவில் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கும் பெண், "ஊர்க்கோழி முட்டை அன்ரி, சாப்பிட்டுப் பாருங்கோ" என்று நேற்றுத் தந்துவிட்டுப் போன முட்டை அது. கடை முட்டைக்கு மணமும் இல்லை, குணமும் இல்லை. பல வருடமாக அதையே சாப்பிட்டுப் பழகிவிட்டேன். இந்த மணம் மூக்கில் ஏறியதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, மச்சாள். நீ இருந்திருந்தால் முட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, இந்தக் கோழி மீன் வாடியடியில் மேய்கிறதா, சந்தையடியில் மேய்கிறதா, அதற்கு அகப்படும் மீன் சாளையா சூடையா என்றெல்லாம் கேட்டிருப்பாய். கேட்டதோடு நில்லாமல் கோழிக்குப் பின்னால் நடந்தும் போயிருப்பாய்.

எங்கள் வீட்டில் நீ சாப்பிட்ட முதல் காலைச் சாப்பாடு புட்டும் முட்டைப் பொரியலும். என் தம்பி அப்போது கருவாட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நானாட்டான் பக்கம் போய், நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவான். ஒருமுறை நெல்லோடு பெண்ணையும் கூட்டி வந்துவிட்டான் என்று என் மனுசன் பகிடி பண்ணுவார். உன் வீட்டார் வயல்காரர், சைவக்காரர். நீ கடற்கரைக்கு, அதுவும் வேதக்காரர் வீட்டுக்கு வந்ததை அவர்கள் பொறுக்கவில்லை. உன் ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை, கலியாணத்துக்கும் வரவில்லை. கோயிலில் உன் பக்கத்து வாங்குகள் இருக்க ஆளில்லாமல் வெறுமையாய்க் கிடந்தன. அடுத்த நாட் காலை நீ எங்கள் குசினியில் இருந்து முட்டைப் பொரியலில் ஒரு துண்டை வாயில் வைத்தாய். கொஞ்சம் யோசித்தாய். பிறகு என்னைப் பார்த்து, "மச்சாள், இது கோழியிட முட்டையோ, மீனிட முட்டையோ?" என்று கேட்டாய்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. வந்த மருமகள் முதல் நாளே சாப்பாட்டில் குறை பிடிக்கிறாள் என்று நினைத்தா. நான் உன் கண்களைப் பார்த்தேன். அதில் குறை ஒன்றும் இல்லை. உண்மையிலேயே உனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "மீன் தின்னுற கோழி மீன் மணக்கத்தான் முட்டை போடும். இதிலை என்ன அதிசயம்?" என்றேன். நீ விடவில்லை. "அப்ப மிளகாய் திண்டால் உறைக்குமோ?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்து புட்டு புரையேறியது.

மிளகாயை நீ உண்மையாகவே போட்டுப் பார்த்தாய். உறைக்கவில்லை. பிறகு இரண்டு பேட்டுக் கோழிகளைத் தனியாகக் கூடையில் அடைத்து, மீன் வாசமே காட்டாமல் குருணலும் தவிடும் போட்டு வளர்த்தாய். அவை இட்ட முட்டைகளில் கரியால் புள்ளடி போட்டாய். ஒன்பதாம் நாளோடு மணம் போய்விட்டது என்று கண்டுபிடித்து, என் மனுசனையும் தம்பியையும் வரிசையாக இருத்தி, கண்ணைத் துவாயால் கட்டி, இரண்டு விதமான முட்டையையும் தின்னக் கொடுத்தாய். இருவரும் புள்ளடி முட்டையில் சுவையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "உப்புப் போட மறந்திட்டியோ?" என்று தம்பி கேட்டான். உனக்குக் கோபம் வரவில்லை. அறிய விரும்பியதை அறிந்துகொண்ட திருப்தியில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். உன்னோடு வாழ்வது அப்படித்தான் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாவது இல்லாமல் பொழுது சாயாது.

எங்களுடையது ஒரே வளவு. முன்னால் எங்கள் வீடு, பின்னால் தம்பி உனக்காகப் போட்ட கொட்டில் வீடு, நடுவில் கோழிக்கூடு. உடைந்த வள்ளத்துப் பலகைகளால் ஆண்கள் இருவரும் சேர்ந்து அடித்த கூடு அது. கோழி வளர்ப்பு எங்களில் ஒருவரின் வேலையாக இருந்ததில்லை. வீட்டில் இருந்த அத்தனை பேரின் வேலையாகவும் இருந்தது. என் மனுசன் பழுதான வலையை முருங்கைக்கும் பனைக்கும் இடையில் பந்தல் போலக் கட்டிவிட்டார், பிராந்து இறங்கிக் குஞ்சைத் தூக்காமல் இருக்க. கீரி வரும் வேலிப் பொட்டுகளை அடைப்பது தம்பியின் பொறுப்பு. என் பிள்ளைகள் பள்ளியால் வந்ததும் குஞ்சுகளை எண்ணுவார்கள். அம்மா கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் நீளக் கம்போடு இருந்து, காகத்துக்கும் பிராந்துக்கும் ஒரே கம்பால் பதில் சொல்லுவா. நானும் நீயும் அடை வைப்பது, கூடு திறப்பது, மூடுவது. என் கோழிகளும் உன் கோழிகளும் ஒரே வளவிலேயே மேய்ந்தன. மாலையில் கூட்டில் ஏறும்போது மட்டும் உனது எது, எனது எது என்று இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை.

உன்னுடைய கோழிகளில் ஒன்றை மட்டும் யாரும் மாறி எடுக்க முடியாது. கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாமல், சிவந்த தோலோடு, யாரோ பாதி உரித்துவிட்டு மனம் மாறி விட்டுவிட்ட மாதிரி நிற்கும் கோழி. நீ தாய் வீட்டுக்கு மூன்று முறை போனாய். இரண்டு முறை உள்ளே விடாமல் படலையடியிலிருந்தே திரும்பி வந்தாய். மூன்றாம் முறை உன் அம்மா படலைக்கு வந்தா. ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடகத்துக்குள் இந்தக் கோழியை வைத்து, சாக்கால் மூடி, வேலிக்கு மேலால் உன் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டா. நீ அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாலம் கடந்து வந்தாய். வந்து இறங்கியதும் நீ சொன்னது எனக்கு மறக்காது. "அம்மா ஏன் இந்தக் கோழியைத் தெரிஞ்செடுத்தவா? வளவிலை இருபது கோழி நிக்குது. இதுதான் நல்லா முட்டை போடும் எண்டோ, இதை ஒருத்தரும் வேண்டமாட்டினம் எண்டோ?" கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் கேள்விதான் முதலில் வந்தது. தாய் வீட்டிலிருந்து உனக்கு வந்த ஒரே சீதனம் அந்தக் கோழி. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இனிச் சொல்லப் போவது நீயும் அறிந்த கதைதான். என்றாலும் முழுவதும் எழுத வேண்டும். இதை எழுதத்தான் இருந்தேன்.

அந்த வருடம் சோளகக் காற்று கடுமையாக அடித்தது. கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. என் மூத்தவள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்ததால், அன்றைய சாப்பாட்டுக்கென்று கோழிகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாட் காலை கூட்டைத் திறந்தபோது ஒரு விடலைச் சேவல் வெளியே வரவில்லை. மற்றது வந்து, நடந்து, கால் பின்னி விழுந்தது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு தூங்கத் தொடங்கின. கோழி தூங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். கழிச்சல் வந்துவிட்டது, இனி வளவே வெறுமையாகும். அதற்கு முந்திய வருடம் பேசாலைப் பக்கம் அப்படித்தான் கூடு கூடாய்ச் செத்தன. அம்மா மஞ்சளும் வெங்காயமும் அரைத்துப் பருக்கினா. அடுத்த நாள் இன்னும் மூன்று போயின. என் பிள்ளைகள் செத்த கோழிகளைப் பார்த்து அழுதார்கள்.

வெயில் உச்சியில் நின்ற நேரம், யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போனேன். அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளில் இருந்தேன். நோய் வந்தால் அவருக்கு ஒரு கோழி நேர்வது எங்கள் வழக்கம். திருநாளன்று கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். நேரும்போது எந்தக் கோழி என்று குறிப்பாகச் சொல்லவும் வேண்டும். பொதுவாய் ஒரு கோழி என்றால் பிறகு மனம் மெலிந்ததைத் தேடும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நான் வாய் திறந்தேன். "அந்தோனியாரே, மிச்சக் கோழியளைக் காப்பாத்தும். அந்தக் கழுத்தில்லாக் கோழியை உமக்குத் தாறன்." வாயில் தானாக வந்தது உன் கோழிதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. அம்மாவிடம் சொன்னால் கோயில் மணியில் அடித்த மாதிரி. மாலைக்குள் கிணற்றடியில் எல்லாரும் அறிந்துவிட்டார்கள். உன் கோழியை நான் நேர்ந்துவிட்டதை நீ என் வாயால் கேட்கவில்லை. குடம் கொண்டு தண்ணீர் அள்ளப் போன இடத்தில் பிறத்தியார் வாயால் கேட்டாய்.

நீ குடத்தோடு வளவுக்குள் வந்ததைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குச் சண்டைதான் என்று சேலையை இழுத்துச் சொருகினேன். பேச வேண்டிய நியாயங்களையும் மனதுக்குள் அடுக்கிவிட்டேன். நீ குடத்தை இறக்கி வைத்தாய். நேரே வந்தாய். "மச்சாள், அந்தோனியார் கோழியை என்ன செய்வார்?" என்றாய்.

"பங்குச் சுவாமி வைச்சிருப்பார், இல்லாட்டி ஏழையளுக்குக் குடுப்பார்" என்றேன். "ஓ" என்றாய். போய்விட்டாய். அதற்குமேல் ஒன்றும் இல்லை. நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

அடுத்த நாள் விடிய நீ உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறி இருந்தாய். பகல் முழுக்க இருந்தாய். மாலையில் தொழிலால் வந்த தம்பி சாப்பிடக் கூப்பிட்டான், "கொஞ்சம் பொறுங்கோ" என்றாய். அம்மா, "இவளுக்கு என்ன பிடிச்சது? செத்த கோழிக்குக் காவலோ?" என்று என்னிடம் கேட்டா. நானும் சிரித்தேன். அது நல்ல சிரிப்பு இல்லை, மச்சாள். நீ தலையைத் திருப்பாமல் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டாம் நாள் என்னிடம் வந்தாய். "கழிச்சல் வருத்தம் வந்த கோழி தண்ணியைத் திரும்பியும் பாராது. எங்கட ஊரிலை நான் கண்டிருக்கிறன். இதுகள் தண்ணிக்குப் பறக்குதுகள். ஏன்?" என்றாய். அடுத்ததாக, "செத்ததுகள் எல்லாம் உங்கட குசினிப் பக்கம் மேயிற கோழியள். என்ர கொட்டில் பக்கம் நிண்டது ஒண்டும் சாகேல்லை. ஏன்?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நான் செய்வினை செய்தேன் என்கிறாளோ என்று நினைத்தேன். "நீயே அதைக் கண்டுபிடியன்" என்று வெடுக்கென்று சொன்னேன். நீ அதை அப்படியே வேலையாக எடுத்துக்கொண்டாய்.

மூன்றாம் நாள், என் குசினிக்குப் பின்னால் நட்டிருந்த தென்னம்பிள்ளையின் அடியில் நீ குந்தியிருந்ததைக் கண்டேன். அடியில் தோண்டியிருந்த பாத்தியில் ஈரமண். அதில் விரலை வைத்து நாக்கில் வைத்தாய். முகத்தைச் சுளித்தாய். பிறகு ஏதோ புதையல் கண்டவள் போல என்னை நோக்கிக் கையை ஆட்டினாய். "உப்பு, மச்சாள்! வந்து நக்கிப் பாருங்கோ!"

தென்னைக்கு உப்பு நல்லது என்று எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரியும். கருவாட்டுக்கு மீன் ஊறிய உப்புத் தண்ணீரை எப்போதும் ஆண்கள் பீப்பாவோடு கொண்டுபோய்க் கடலில் ஊற்றுவார்கள். அந்த மாதம் அவர்கள் தலைமன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போய் மாலையில்தான் வருவதால், நான் பீப்பாவைத் தென்னம்பிள்ளையடியில் சரித்துவிட்டேன். வீணாய்ப் போகாமல் மரத்துக்காவது உதவட்டும் என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். தண்ணீரோடு மீன் துணுக்குகளும் விழுந்தன. கோழிகள் அதைக் கொத்தின. கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியை எங்கிருந்தோ வந்த கழுதை கவிழ்த்துவிட்டது; கிணறு தூரம் என்று நான் நிரப்பவில்லை. தாகத்துக்கும் அவை அந்தப் பாத்தியையே குடித்தன. கழிச்சலும் இல்லை, கண்ணூறும் இல்லை. கோழிகளைக் கொன்றது நான்.

நீ அப்படிச் சொல்லவில்லை. பாத்தியை மண்ணால் மூடினாய். மூன்று சட்டிகளில் நல்ல தண்ணீர் வைத்தாய். தூங்கிக்கொண்டிருந்த கோழிகளைக் கூடைக்குள் விட்டு, ஒரேயடியாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கக் கொடுத்தாய். அதற்குப் பிறகு ஒன்று மட்டுமே செத்தது. அம்மா, தம்பி, பிள்ளைகள் எல்லாரும் கேட்டபோது, "பாத்தியிலை உப்பு ஊறிப்போய்க் கிடந்தது" என்றாய். யார் ஊற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நீ போத்தலையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். மருந்து மாற்ற வந்த தாதிப் பிள்ளையிடம், "மகள், இது உப்புத் தண்ணிதானே? உப்புத் தண்ணியிலை கோழி சாகுது, மனிசர் பிழைக்கினம். அது எப்பிடி?" என்று கேட்டாய். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு, அளவுதான் அம்மா எல்லாம் என்றது. நீ அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினாய். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாய். எனக்கு உன்னோடு பேச வேண்டிய பேச்சு ஒன்று இருந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லி எழுந்து வெளியே போய்விட்டேன்.

உப்பு என்று தெரிந்த பிறகு, "அப்ப வருத்தமே வரேல்லை. நேர்த்தியும் தேவையில்லை" என்று அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அம்மா கம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "உனக்கு உப்பைக் காட்டினது ஆர் எண்டு நினைக்கிறாய்? தொலைஞ்சதைக் காட்டித் தாறவர் அவர்தானே. நேர்ந்தது நேர்ந்ததுதான்." அந்தோனியார் காட்டினாரா, நீ காட்டினாயா என்ற வழக்கு எங்கள் வீட்டில் கனகாலம் நடந்தது. நீயே சில நேரம் அந்தோனியார் பக்கம் பேசுவாய். "எனக்கு ஏன் அந்த மண்ணை நக்கிப் பாக்க வேணும் போல இருந்தது? அது எங்கையிருந்து வந்தது?" என்பாய்.

மனம் ஆறாமல் பங்குச் சுவாமியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன், உப்பு ஊற்றியதையும் சேர்த்து. அவர் வெகுநேரம் சிரித்தார். "கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறவையைத் தெரியும். நீர் அந்தோனியாருக்கே உடைச்சுப்போட்டீர்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "தன்ரை இல்லாததை ஒருத்தரும் நேர ஏலாது. உடையவளிட்டைப் போய்க் கேளும். அவ தந்தால் நேர்த்தி. தராட்டில் உம்மட கோழியிலை ஒண்டைக் கொண்டு வாரும்" என்றார். இவ்வளவுதான். உன்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஒன்பது நாளும் போதவில்லை. திருநாளுக்கு முந்திய நவநாள் தொடங்கியது. தினமும் மாலையில் நாம் இருவரும் கூடு மூடினோம். தினமும் அந்தக் கோழி உன் காலடியில் வந்து நின்று, பிறகு ஏறியது. கேட்டால் நீ தந்துவிடுவாய் என்று ஒரு பயம். கேட்டால் நீ அழுவாய் என்று இன்னொரு பயம். அதைவிட, "ஏன் மச்சாள் என்ர கோழி?" என்று நீ கேட்டுவிடுவாய் என்பதுதான் பெரிய பயம். எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிறவள் இதற்கு மட்டும் கேட்காமல் விடுவாளா? அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்ல வாய் இல்லை.

திருநாளன்று காலை நான் சேலை உடுத்துக்கொண்டு நிற்க, நீ வந்தாய். இடுப்பில் கடகம். கடகத்துக்குள் கழுத்தில்லாக் கோழி, காலில் உன் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாய். "வாங்கோ மச்சாள், பூசைக்கு மணி அடிச்சிட்டுது" என்றாய். நான் உன்னோடு நடந்தேன். பனங்கூடலுக்குள்ளால் போகும் அந்த மணல் வழியில் பாதித் தூரம் போனோம். கடைசியில், "நான் உன்னைக் கேளாமல் நேர்ந்திட்டன்" என்றேன். நீ கடகத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினாய். "எங்கட வீட்டுக் கோழி எண்டு நினைச்சபடியால்தானே கேளாமல் நேர்ந்தனீங்கள். நான் வந்து மூண்டு வருசத்திலை இந்த வீட்டிலை ஒருத்தரும் என்ர ஒரு சாமானையும் கேளாமல் எடுத்ததில்லை, மச்சாள். என்ர சட்டியைக்கூட அம்மா கேட்டுத்தான் எடுப்பா. நீங்கள்தான் முதல் கேளாமல் எடுத்தது" என்றாய். சிரித்தாய். உன் முகம் நன்றாக மலர்ந்திருந்தது.

நான், "ஓம்" என்றேன்.

சுவாமி அந்தக் கோழியை அறுக்கவில்லை. தன் வளவில் வைத்து வளர்த்தார். அதன் முட்டைகளை அடை வைக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இரண்டு வருடத்துக்குள் ஊரில் பாதிக் கோழிக்குக் கழுத்தில் இறகு இல்லை. நீ ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமி இருக்கும் மீசாம் பக்கம் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாய். மீன் தின்னாமல் சுவாமி வீட்டுச் சோறு தின்றால் முட்டை எப்படி மணக்கும் என்று அவரையே கேட்டாயாம். அவர் உனக்கு ஒரு முட்டை அவித்துத் தந்தாராம். உன் முதற் பிள்ளைப்பேறுக்கு உன் அம்மா முதன்முதலாக எங்கள் வளவுக்கு வந்தா. பிள்ளையை வாங்கிப் பார்த்தா, வளவைச் சுற்றிப் பார்த்தா. "நான் தந்த கோழி எங்கை?" என்று கேட்டா. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "நாங்கள் கோயிலுக்கு நேர்ந்து குடுத்திட்டம் அம்மா" என்றாய். உன் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்களும் வைரவருக்குச் சேவல் விடுறனாங்கள்தானே. நல்லதுதான்" என்றா. அன்று உன் அம்மா எங்கள் வீட்டில் சாப்பிட்டா.

பிறகு எத்தனையோ நடந்தன. எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம், எத்தனை வளவு மாறினோம். போன இடமெல்லாம் நீ இரண்டு கோழியாவது வைத்திருந்தாய். நான் உன் சட்டியை, உன் குடத்தை, உன் சேலையை, உன் பிள்ளைகளையும்கூடக் கேளாமல் எடுத்தேன். நீ என்னுடையதை எடுத்தாய். ஊர் எங்களை ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்றே நினைத்தது. அந்தப் பனங்கூடல் வழியில் நீ சொன்ன வார்த்தையை உண்மையாக்க நான் நாற்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டேன், மச்சாள். ஏனென்றால் நீ சொன்ன அன்று அது உண்மையாக இருக்கவில்லை.

வாயில் தானாக வந்தது உன் கோழிதான் என்று மேலே எழுதினேன். உனக்கு எழுதும்போதும் பொய்தான் முந்துகிறது. சுரூபத்துக்கு முன்னால் எனக்கு முதலில் நினைவில் வந்தது என் செஞ்சேவல். வளவிலேயே நல்லது அது. புதுநன்மைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்தது. அதை மனதுக்குள்ளேயே தள்ளி வைத்தேன். அடுத்து வந்தது என் வெள்ளைப் பேடு. முட்டை போட்டுக்கொண்டிருந்தது, அதையும் தள்ளினேன். இப்படி என்னுடையவற்றை ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டு போய்த்தான் உன் கோழியில் வந்து நின்றேன். அது உன்னுடையது, எங்களுடையது அல்ல, போனால் எனக்கு நோகாது என்று நன்றாக யோசித்துத்தான் வாய் திறந்தேன். நீ எங்கள் வீட்டவள் என்று நான் நினைத்திருந்தால் அந்தக் கோழி தப்பியிருக்கும்.

இன்று காலை முதல் ஒரே யோசனை. முட்டை மணத்துக்கு ஒன்பது நாள் காவல் இருந்தவள் நீ. மண்ணை நக்கி உப்பைக் கண்டவள். யார் ஊற்றியது என்று தெரிந்தும் வாய் திறக்காதவள். அப்படிப்பட்டவளுக்கு என் மனது மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஏன் ஏன் என்று கேட்ட நீ, அன்று மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. நான் பொய் தேடி முழிக்கும் முன் பதிலையும் நீயே சொல்லிவிட்டாய். நான் செய்ய வேண்டியிருந்தது "ஓம்" என்பது மட்டும். தெரிந்துதான் சொன்னாயா? ஆஸ்பத்திரியில் என் பக்கம் திரும்பிச் சிரித்தது அதற்குத்தானா? எனக்கு அறிய ஆசையாக இருக்கிறது. உன்னிடமிருந்து தொற்றிய வியாதி இது. இனி யாரைக் கேட்பது?

சுவாமி என்னை அனுப்பியது ஒரே ஒரு வார்த்தை கேட்கத்தான். அதைக் கேளாமலே உன்னோடு கிழவியாகிவிட்டேன். கேளாததை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் இன்னும் கூடு திறக்கும் நேரத்துக்குக் கண் விழிக்கிறேன், கூடும் இல்லை, கோழியும் இல்லை என்றாலும். ஆகவே இப்போது கேட்கிறேன். நீ நிதானமாய் யோசித்துச் சொல்லு, மாட்டன் என்றாலும் மாட்டன்தான்.

மச்சாள், உன்ர கோழியை அந்தோனியாருக்கு நேரட்டோ?